வெஸ்லியின் பெயர் வராத சனிக்கிழமை

முவைலா, ஷார்ஜா
செவ்வாய்க்கிழமை காலை

என் கண்ணு நஜீஹாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகமாக இருக்கிறோம், வாப்பாவுக்கு மட்டும் கார் ஏசியில் ரொம்ப நேரம் உட்கார்ந்தால் முட்டி பிடித்துக்கொள்கிறது. நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. போன் இருக்கும்போது உம்மா எதற்குத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று நினைப்பாய். வாய்ஸ் நோட் போட்டால் நீ வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறாய், உங்க குரல் அணில் கத்துற மாதிரி இருக்கு உம்மா என்று நீயே சொல்லியிருக்கிறாய். தமிழ் என்றால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், வேகமாக ஓட்ட முடியாது. இதை நீ மெதுவாகப் படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுதுகொண்டே, உம்மா நான் வேலைய விட்டுட்டு அங்கேயே வந்துரட்டுமா என்று கேட்டாய். நான் சாப்பிட்டியா என்றேன். நீ சரி வச்சிடறேன் என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு வாப்பா கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. நீ கேட்டதற்கு அன்று நான் பேச்சை மாற்றியது உண்மை. அதற்கான பதில்தான் இது, ஆனால் நேராகப் பதிலுக்கு வராமல் கொஞ்சம் சுற்றி வருவேன், பொறுத்துக்கொள். இந்த வீட்டில் இரண்டு மாதமாக என்ன நடந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது.

நீ அமெரிக்காவில் ஃபுட்பால் அணி ஆபீஸில் வேலை பார்க்கிறாய் என்று சொன்னால் இங்கே எல்லாரும் காலால் உதைக்கிற பந்து என்றுதான் நினைத்தார்கள், நானும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் படித்த பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்றும் விளங்கவில்லை. கல்லூரியில் ஆடி முடித்த பிள்ளைகளை எல்லா அணிகளும் ஒருவர் பின் ஒருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்வார்கள், அதற்குப் பெயர் டிராஃப்ட், யாரை எடுக்கலாம் என்று ஆட்டங்களைப் பார்த்து மதிப்புப் போட்டுச் சொல்வதுதான் என் வேலை என்று நீ போன தடவை வந்தபோது சொன்னாய். பிறகு பிப்ரவரியில் ஒருநாள் போனில் அந்த வெஸ்லி என்ற பையனைப் பற்றிச் சொன்னாய். குவார்ட்டர்பேக், பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும், மலை மாதிரி ஆட்கள் அவனை நோக்கி ஓடி வருவார்கள், அவர்கள் வந்து விழுவதற்குள் யாரிடம் எறிவது என்று அவன் முடிவு செய்ய வேண்டும் என்றாய். நீ ஒரு பையனைப் பற்றி அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை, முதலில் வேறு ஏதோ என்று பயந்துவிட்டேன், சிரிக்காதே.

அன்று ராத்திரியே வாப்பாவிடம் சொல்லி அவனுடைய ஆட்டத்தை யூடியூபில் போடச் சொன்னேன். பந்து பலாக்கொட்டை மாதிரி இருக்கிறது, ஆடுவதைவிட நிற்பதும் கூடிப் பேசுவதும்தான் அதிகம். ஆனால் நஜீஹா, அந்தப் பையனைப் பார்க்கப் பார்க்க விடமுடியவில்லை. எல்லாரும் பதறும்போது அவன் மட்டும் எதையோ தேடுகிறவன் போல நின்று, கடைசி நொடியில் எறிந்துவிட்டுக் கீழே விழுகிறான். பக்கத்து ஃப்ளாட் அஸ்கர் அலி மாமாவும் ஆலியா மாமியும் ஒருநாள் டீ குடிக்க வந்தவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான், அவர்களையும் பிடித்துக்கொண்டது. உனக்குத்தான் தெரியுமே, மாமாவும் வாப்பாவும் ஒரே காரில்தான் துபாய் தேராவுக்குப் போய் வருகிறார்கள், மாமாவுக்குக் கப்பல் சரக்கு ஆபீஸ், வாப்பாவுக்குப் பெட்டிக் கடை. போகும்போதும் வரும்போதும் வெஸ்லி பேச்சுத்தான். அல் நஹ்தா சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் வாதாடி, பின்னால் இருந்தவன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, பாய் ஜல்தி என்று கத்தினானாம். வாப்பா உன் கட்சி. அவன் தலைவன் மாதிரி நிக்கிறான், முதல் நாளே எடுத்துருவாங்க என்பார். மாமா எதிர்க்கட்சி. கல்லூரியில அவன் முன்னாடி நிக்கிற காவல் ஆளுங்க எல்லாம் யானை மாதிரி இருக்கானுவ, அதான் இவன் நிதானமா நிக்கிறான், பெரிய ஆட்டத்துல அந்தக் காவல் கிடைக்காது, அப்பத் தெரியும் இவன் சங்கதி என்பார். ஆலியா மாமி, இவஹ ரெண்டு பேரும் கடையையும் ஆபீஸையும் மூடிட்டு அமெரிக்காவுக்கே போயிருவாஹ போல என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

மாமா சொன்னதை நான் உன்னிடம் கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காவல் உடைந்துபோன ஆட்டங்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன் உம்மா, அதுலதான் அவன் இன்னும் நல்லா ஆடுறான், நெருக்கடியில அவன் எடுக்குற முடிவு சரியா இருக்கு என்றாய். ஆனால் உங்கள் ஆபீஸ் பெரியவருக்கு அந்தக் கடைசி ஆட்டம்தான் கண்ணில் நின்றது, வெஸ்லி எறிந்த பந்து எதிரணிக்காரன் கைக்குப் போய்த் தோற்றார்களே அது. பந்தைப் பிடிக்க வேண்டியவன்தான் தப்பான பக்கம் ஓடினான் என்பது உன் கட்சி. நேர்காணலில் அந்தப் பையனிடமே கேட்டிருக்கிறார்கள், அவன் தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டான். அவனே ஒத்துக்கிட்டான்ல என்று உங்கள் பெரியவர் பேச்சை முடித்துவிட்டார். நீ மட்டும், அவன் கூட்டாளியக் காட்டிக்கொடுக்கல, அவ்வளவுதான் என்று அத்தனை ஆம்பிளைகள் நடுவில் எழுந்து சொல்லியிருக்கிறாய். இதை நீ சாதாரணமாகச் சொன்னாய், எனக்கு இங்கே மயிர்க்கூச்செறிந்தது. நான் அந்த ஒரு எறியைத் திருப்பித் திருப்பி, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தெரிந்தால்தானே யார் தப்பு என்று தெரியும். அவன் ஒத்துக்கொண்டது பெருந்தன்மையா, நிஜமாகவே அவன் தப்பா, இன்றுவரைக்கும் எனக்குச் சந்தேகம்தான். உனக்குச் சந்தேகமே வரவில்லையா மகளே?

அப்புறம் அந்தக் கை அளக்கிற கூத்து. பையன்களை வரிசையாக நிற்க வைத்து உயரம், எடை, ஓட்டம், கடைசியில் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை அளப்பார்கள், வெஸ்லியின் கை சின்னது என்று குறித்துவிட்டார்கள் என்று நீ சொன்னதும் என் தையல் டேப்பை எடுத்து வந்து வாப்பா கையையும் மாமா கையையும் அளந்தேன். மாமா கை வெஸ்லி கையைவிடப் பெரிது. அன்று முழுக்க அந்த மனுஷர் கையை விரித்துக்கொண்டே நடந்தார். மழையில் பந்து வழுக்கும் என்பதற்காக அளப்பார்களாம், இருக்கட்டும். ஆனால் எனக்கு ஊரில் உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள், நட, திரும்பு, முடியக் காட்டு என்றார்களே. நீ எழுந்து உள்ளே போய்விட்டாய். அவன் பாவம், எழுந்து போகவும் முடியாது.

டிராஃப்ட் நாள் வந்தது. முதல் இரண்டு நாளும் இங்கே விடியற்காலை. சுபுஹு தொழுதுவிட்டு வாப்பா போனைப் பார்ப்பார், வெஸ்லி பெயர் இருக்காது. இரண்டாம் நாள் உங்கள் அணியே வேறொரு குவார்ட்டர்பேக்கை எடுத்துவிட்டது என்று பார்த்ததும் வாப்பா சட்டைப் பொத்தானைப் போடாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளை சொல்லியும் கேக்கலையே என்றார். சனிக்கிழமை சாயங்காலம் கடைசி நாள், எல்லாரும் நம் வீட்டில்தான். மாமி கறி சமோசா போட்டு வந்தாள், நான் சுலைமானி டீ போட்டேன். ஒவ்வொரு பெயராக வாசிக்கிறார்கள், ஏதோ ஒரு வீட்டில் எல்லாரும் குதித்துக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அதைப் பார்க்க முதலில் சந்தோஷமாக இருந்தது, போகப் போக எனக்கு அவன் வீட்டு நினைப்பு வந்துவிட்டது. அவன் வீட்டிலும் இப்படித்தானே சொந்தமெல்லாம் கூடியிருக்கும், பலகாரமெல்லாம் செய்து வைத்திருப்பார்கள். அந்தப் பிள்ளைட உம்மா எங்கே முகத்த வச்சிக்குவா என்றாள் ஆலியா மாமி. எதிர்க்கட்சி மாமாகூட சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு, எடுங்கடா யாராவது, கடைசியிலயாவது எடுங்கடா என்று டிவியைப் பார்த்துச் சொன்னார். ராத்திரி வெகு நேரமாகியும் முடியவில்லை, நாங்கள் தூங்கப் போய்விட்டோம். காலையில் பார்த்தால் கடைசிப் பெயர்வரை வாசித்து முடித்திருந்தார்கள். வெஸ்லி இல்லை.

அன்று மத்தியானம்தான் நீ கூப்பிட்டாய். யாரும் எடுக்காத பிள்ளைகளை டிராஃப்ட் முடிந்த கையோடு அணிகள் நேராகப் போனில் கூப்பிடும், உங்கள் பெரியவர் உன் பக்கம் திரும்பி, நீதானே கேட்டே, நீயே கூப்பிடு என்றிருக்கிறார். நீ நம்பரைப் போட்டாய். அவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, உங்களுக்கு நன்றி, நான் வேறு அணிக்குச் சரி சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிட்டான். அறையில் ஒருவன் சிரித்தான் என்றாய். நான் அவனுக்காக எல்லார்ட்டயும் சண்டை போட்டேன் உம்மா, அவன் என்னையே வேணாம்னுட்டான், என் கணிப்பே தப்பு என்று அழுதாய்.

இந்த இரண்டு நாளாக நான் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று வாப்பாவை உட்கார வைத்து, அவன் போன அணி எது, அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று தேடச் சொன்னேன். அங்கே இருக்கிற குவார்ட்டர்பேக்குக்கு வயதாகிவிட்டது, அவனுக்குப் பின்னால் ஆளே இல்லை. உங்கள் அணியில் ஒருவன் நல்ல வயதில் ஆடிக்கொண்டிருக்கிறான், அவனுக்கு அடுத்தவனாக இன்னொரு பையனை இப்போதுதான் எடுத்திருக்கிறீர்கள். வெஸ்லி வந்தால் மூன்றாவதாக பெஞ்சில்தான் உட்கார வேண்டும். இப்போது நினைத்துப் பார். மூன்று நாள் காத்திருந்து, சொந்தபந்தத்துக்கு முன்னால் அவமானப்பட்டு, மனசு நொந்து கிடக்கிற பிள்ளை. திடீரென்று நாலு பக்கமும் போன் அடிக்கிறது. யோசிக்க நேரமில்லை. வேறு யாராக இருந்தாலும் முதலில் கூப்பிட்டவனுக்கோ பெரிய பெயர் உள்ள இடத்துக்கோ தலையாட்டியிருப்பான். இவன் தனக்கு எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்து அங்கே போயிருக்கிறான். நெருக்கடியில் சரியான முடிவு எடுப்பான் என்று சொன்னது யார்? நீதானே. உன்னை வேண்டாம் என்று சொன்னானே, அதிலேயே நீ அவனைப் பற்றிச் சொன்னது சரி என்று எனக்குத் தெரிகிறது. இதை வாப்பாவிடம் சொன்னேன், அவர் உடனே மாமாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். மாமா மட்டும் இன்னும் இறங்கி வரவில்லை. ஆடட்டும் லாத்தா, ஒரு வருஷம் ஆடட்டும், அப்புறம் பேசுவோம் என்கிறார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ வரட்டுமா என்று கேட்ட மறுநாளே நான் வாப்பாவுக்குத் தெரியாமல் கீழே விசா தாள் எழுதிக் கொடுக்கிற டைப்பிங் சென்டருக்குப் போனேன். கல்யாணம் ஆகாத மகள் என்றால் வாப்பா பெயரில் மறுபடி விசா எடுக்கலாம் என்றான் அந்த மலையாளிப் பையன். மேலே வந்து உன் அறை ஜன்னலைத் திறந்து, மெத்தையை வெயிலில் போட்டேன். வா என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை என்று அதிலிருந்து புரிந்துகொள். நீ வேலையில் சலித்துப்போய் வந்தால் வா, எங்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றால் இன்றைக்கே வா, சாவி கதவிலேயே இருக்கும். ஆனால் அறையில் ஒருவன் சிரித்தான் என்பதற்காக வராதே. அந்தச் சிரிப்பை நீ இங்கே வரைக்கும் தூக்கிக்கொண்டு வருவாய், ஆறு மாதம் கழித்து என் மேல்தான் கோபப்படுவாய். நீயே யோசி, உம்மா மனசு நோகும் என்று யோசிக்காதே. எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் எனக்கு ஒன்றுதான் என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் எந்தப் பக்கமானாலும் ஏன் என்று கேட்க மாட்டேன்.

வாப்பா சாயங்காலம் அசர் தொழுது வந்த பிறகு கடையில் கூட்டம் இருக்காது, அந்த நேரத்தில் ஒரு தடவை கூப்பிடு, அவர் போனைக் கல்லாவிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு எண்ணெய் வை. உன் ஈமானையும் உடம்பையும் அல்லாஹ் பத்திரமாக வைத்திருப்பானாக, நீ பேசுகிற இடத்தில் உன் பேச்சுக்குக் காது கொடுப்பவர்களை உண்டாக்குவானாக, ஆமீன். ஒன்றே ஒன்று மட்டும் மறக்காமல் எழுது, வெஸ்லி போன அணியின் முதல் ஆட்டம் எந்தத் தேதி, இங்கே அது எத்தனை மணிக்கு வரும்? ஆலியா மாமி இப்போதே கேட்கிறாள்.

வஸ்ஸலாம்,
உனக்காகக் கையேந்தும் உம்மா
ரஹீமா பீவி