காதுக்காரனும் என் வயிற்றெரிச்சலும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, அக்கா வீட்டார் எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று அப்பா சொல்கிறார். உன் சுகதுக்கமெல்லாம் இப்போது அப்பா வழியாக வடிகட்டித்தான் எனக்கு வருகிறது, அதனால் அவர் சொன்னதை நம்பி இதைத் தொடங்குகிறேன். என் கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டது. அலுவலகப் படியில் தடுக்கி விழுந்ததற்குக் கொடுத்த மருத்துவ விடுப்பு முடிகிறது, திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். அக்காவின் பெரியவள் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்துவிட்டு, முதலாவதாக வந்தவளோடு பேச மாட்டேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாளாம். குழந்தையை ஏன் திட்டுகிறாய், அது என் ரத்தம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. குழாய்க்காரரைக் கூப்பிடச் சொன்னால் அப்பா ஒரு பழைய துணியைச் சுற்றிவிட்டு, சரியாகிவிட்டது என்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை அப்பாவின் பள்ளி வேனுக்கும் விடுமுறை, என் அலுவலகத்துக்கும் விடுமுறை. வாரத்தில் நாங்கள் இருவரும் நிம்மதியாக உட்காருகிற ஒரே காலை அது. அதைத்தான் நீ எடுத்துக்கொண்டாய். போனைக் காதில் மாட்டிக்கொண்டு அங்கே நீ, இங்கே அவர், ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லி ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தி அனிமே என்கிற அந்த ஜப்பான் கார்ட்டூன் தொடரைப் பார்க்கிறீர்கள். படம் ஓடுவது கொஞ்ச நேரம், அதைப் பற்றிய பேச்சு மதியச் சாப்பாடு வரைக்கும். நான் பக்கத்தில் போய் நின்றால் போனை என் பக்கம் திருப்புவார். நல்லா இருக்கியாம்மா, நல்லா இருக்கேன்டா, கால் எப்படிம்மா, பரவாயில்லடா, அவ்வளவுதான், அதற்குள் அவர் கை போனுக்கு நீண்டுவிடும். அப்படி என்னதான் பேசுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். சூப்பர் ஹீரோக்கள், அரசியல், போர் முடிந்த பிறகு அந்த நாடு என்ன ஆனது, அதெல்லாம் உனக்குப் பிடிக்காது என்றார். எனக்கு எது பிடிக்கும் பிடிக்காது என்று முடிவு செய்ய இவர் யார்? மறைத்து என்ன, எனக்குப் பொறாமை. கட்டிய கணவர் மேலேயே பொறாமைப்படுகிறாளே என்று சிரிக்காதே. போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, இன்னைக்கு மனசு விட்டுப் பேசினான் என்று அவர் சொல்கிற அழகைப் பார்த்தால் உனக்கும் வயிறு எரியும். முன்பெல்லாம் நீ மனசு விடுவது என்னிடம்தான். பரீட்சையில் தவறியது, வண்டியை இடித்தது, அந்தப் பக்கத்து வகுப்புப் பெண் விவகாரம், எல்லாம் எனக்கு வந்த பிறகுதான் அவருக்குப் போகும்.

கால் சுளுக்கி வீட்டில் கிடந்தபோது ஒரு முடிவுக்கு வந்தேன். அவர் காலையில் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பியதும், நீ அனுப்பியதை அவர் போட்டு வைத்திருந்த பென்டிரைவை டிவியில் சொருகினேன். அப்படி என்ன இருக்கிறது பார்த்துவிடலாம், நாமும் ரெண்டு கேள்வி கேட்டு உன்னை அசர வைக்கலாம் என்று. வரிசையில் மேலே இருந்ததை முதலில் போட்டேன். கீழே ஓடுகிற எழுத்தைப் படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது, ஆனாலும் விடவில்லை. ரயில் பாலத்துக்குக் கீழே ஓர் அறை, சுவரெல்லாம் ஈரம், அதில் ஒருவன் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டு ஒளிந்திருக்கிறான். யார் மூச்சு விட்டாலும் ஊர் தாண்டிக் கேட்கும் அவனுக்கு. அவன் பெயர் என் வாயில் நுழையவில்லை, காதுக்காரன் என்று வைத்துக்கொண்டேன். அரசாங்கம் அவனைத் தேடுகிறது. அவனைப் பிடிக்க வருகிறவள் நெருப்பில் வேகாத ஒரு பெண், அவனோடு வேலை பார்த்தவள். எனக்கு அந்த அரசியல் ஒன்றும் புரியவில்லை. இந்தப் பையன் இளைத்துப் போயிருக்கிறானே, சாப்பிட்டானா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தெருவில் மாணவர்கள் கொடி பிடித்து நிற்கிறார்கள், அந்நிய ராணுவம் இன்னும் ஊருக்குள் முகாம் போட்டிருக்கிறது, கடை வாசலில் புதிதாக வந்த டிவியைக் கூட்டம் கூடிப் பார்க்கிறது. போரில் இந்த மாதிரிச் சக்தி உள்ளவர்களை ஆயுதமாக வைத்திருந்த அதே அதிகாரிகள், போர் தோற்றதும் சட்டையை மாற்றிக்கொண்டு ஒரு துறையைத் தொடங்கி அவர்களுக்கே சீருடை கொடுக்கிறார்கள். அந்தத் துறையின் பெரிய அதிகாரி எந்த உத்தரவையும் எழுத்தில் தர மாட்டார், ஜன்னலைப் பார்த்தபடி வாயால் சொல்வார். எங்கள் அலுவலகத்தில் அப்படி மூன்று பேர் இருந்தார்கள், அவரைப் பார்த்ததுமே டிவியை அணைத்துவிடலாமா என்று வந்தது. ஆனால் காதுக்காரனுக்கு நல்ல காலம். பார்க்கப் பார்க்க அவன் கன்னம் தேறியது, முடி ஒழுங்கானது, அந்த நெருப்புப் பெண் சமாதானமாகிப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். இடிந்த வீடுகளுக்குள் மூச்சிருப்பவர்களைக் கண்டுபிடித்துக் காப்பாற்றினான். எல்லாம் முடிகிற இடத்தில் அவனுக்குச் சட்டையில் துறையின் சின்னம் குத்துகிறார்கள். அப்பாடா, பிழைத்துக்கொண்டான் என்று நான் அழுதே விட்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் பெருமையாகச் சொன்னேன். முழுசையும் பார்த்துவிட்டேன், பாவம் அந்தப் பையன், கடைசியில் ஒரு கவர்ன்மென்ட் வேலை கிடைத்ததே என்று. அவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அந்தப் பென்டிரைவில் கடைசியாக ஏற்றியதுதான் மேலே நிற்குமாம், நான் மொத்தத்தையும் தலைகீழாகப் பார்த்திருக்கிறேனாம். எனக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருஷமாக நான் திறந்த ஒவ்வொரு கோப்பிலும் புதிய காகிதம்தான் மேலே இருக்கும், மேலிருந்து கீழேதான் படித்துக்கொண்டு போவோம். அந்தக் கதை வேறு இஷ்டத்துக்கு வருஷம் விட்டு வருஷம் தாவுகிறது, அதனால் சந்தேகமே வரவில்லை. அப்படியானால் அவன் நல்ல வேலையை விட்டுவிட்டா அந்த ஈர அறைக்குப் போனான், எதற்கு என்று கேட்டேன். அந்த மாணவர் கூட்டத்தில் யார் தலைவன் என்று மூச்சை வைத்துக் காட்டிக்கொடுக்கச் சொன்னார்கள், முடியாது என்று சின்னத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டான் என்றார். இன்னும் சிரித்துக்கொண்டே, “நம்ம பையன் விட்ட மாதிரிதான்” என்றார்.

அவர் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. எதை விட்டான் என்று நான் பிடித்துக்கொண்டேன். பிறகு ஒன்று விடாமல் வாயைப் பிடுங்கினேன். போராட்டக் கூட்டத்தில் நிற்கிறவர்களின் முகத்தைக் கேமராவில் பிடித்துப் பெயர் சொல்கிற வேலையை உன் கம்பெனியில் உன்னிடம் கொடுத்தார்கள், நீ மாட்டேன் என்று ராஜினாமா செய்துவிட்டாய், இரண்டு மாதமாக வேலை இல்லை, அறையை இன்னொருவனோடு பங்கு போட்டிருக்கிறாய். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இந்தப் படத்தையே தேடிப் பிடித்து அனுப்பினாயாம், வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக அவரைப் பழக்கி, அவரே அந்தக் காதுக்காரன் செய்தது சரிதான் என்று சொன்ன அன்றைக்கு உன் கதையைச் சொன்னாயாம். அம்மா தாங்க மாட்டா, சொல்ல வேண்டாம் என்று நீ சொன்னாய் என்கிறார். அதை நீ சொன்னாயோ அவர் சொன்னாரோ, அந்தக் கணக்கை அவரோடு தீர்த்துக்கொள்கிறேன்.

எனக்கு வேலை போனது பெரிதில்லை தம்பி. அப்பாவுக்குச் சொல்ல இவ்வளவு ஏற்பாடு, ஒரு நாட்டின் சரித்திரத்தையே இறக்குமதி செய்திருக்கிறாய், எனக்கு ஒரு வரி இல்லை. அதுதான் சுடுகிறது. நேராகச் சொல்லியிருந்தால் வேலையை விடாதே என்று கத்தியிருப்பேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று யோசித்துப் பார். அப்பா அந்தப் பையனைச் சீருடையில் பார்த்துப் பழகியவர், அதனால் அவன் அதைக் கழற்றியது சரியா தவறா என்று வாரக்கணக்கில் யோசிக்க வேண்டியிருந்தது. நான் அவனைப் பாலத்துக்கு அடியில்தான் முதலில் பார்த்தேன். அவன் எதை விட்டுவிட்டு வந்தான் என்றுகூடத் தெரியாமலேயே அவன் பக்கம் நின்றவள் நான். என்னிடம் சொல்லவா பயந்தாய்.

அறையில் கூட இருப்பவனோடு சமையலை மாற்றி மாற்றிச் செய்யுங்கள், வெறும் ரொட்டியைத் தின்று நாளைக் கடத்தாதே. வேறு வேலை மெதுவாகக் கிடைக்கட்டும், கிடைத்ததை எல்லாம் பிடித்துக்கொள்ளாதே. அந்தக் கடைவாய்ப் பல் வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போய்க் காட்டு. உன் அறையில் அப்பா வேனின் பழைய டயர்களை அடுக்கி வைத்திருக்கிறார், நீ வருவதானால் ஒரே நாளில் காலி செய்ய வைக்கிறேன். அவரோடு சனிக்கிழமை உட்காருவதை நிறுத்திவிடாதே, அப்புறம் அவர் தொங்கப்போடுகிற முகத்தை வைத்துக்கொண்டு என்னால் வாரம் முழுக்க ஓட்ட முடியாது. ஆனால் வெள்ளிக்கிழமை மதியம், அலுவலகத்தில் நான் சாப்பிடுகிற நேரத்தில், என் போனுக்குக் கூப்பிடு. வேலையை விட்டுவிட்டேன் என்று உன் வாயால் சொல். எனக்குப் படம் எதுவும் வேண்டாம்.

எந்த வேலையில் இருந்தாலும், வேலையே இல்லாமல் இருந்தாலும், நீ நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும், தலை நிமிர்ந்து இருக்க வேண்டும். மறக்காதே, வெள்ளிக்கிழமை, என் போன். உனக்கு எதுவும் எழுத மாட்டேன் என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், அதனால் இப்படி ஒரு கடிதம் வந்ததாகவே அவரிடம் நீ காட்டிக்கொள்ளக் கூடாது. சனிக்கிழமை அவர் போனை என் பக்கம் திருப்பும்போது நான் எதுவும் தெரியாதவள் போல நிற்பேன், நீயும் எதுவும் சொல்லாதவன் போல இரு. அந்த ஒரு நிமிஷமாவது அவர் நம் இருவருக்கும் நடுவில் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா