மார்ச்சில் மாட்டிய சிலிண்டர்

12 நவம்பர் 1996, செவ்வாய்

கேஸ் விலையை ஏற்றப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. வீட்டில் இருப்பது இன்னும் தீரவில்லை. இருந்தாலும் முன்கூட்டியே பதிந்துவைக்கலாம் என்று கேஸ் ஆபீசுக்குப் போனேன்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மில்காரர், "அரசாங்கமே வெலையக் கட்டி வெச்சா, கேஸ் எடுக்கற கம்பெனிக்கு எப்படிங்க கட்டுப்படி ஆகும்? அப்பறம் எவனுங்க எடுப்பான்?" என்றார். என் மனைவி சரோஜாவிடம் இருபது வருடமாக நான் சொல்லிவந்த அதே வாதம். நியாயமாக நான் தலையாட்டியிருக்க வேண்டும்.

"கட்டுப்படி ஆகலீன்னா அவங்க கம்பெனியச் சாத்திப்போட்டுப் போவாங்க. நாங்க அடுப்ப அணைச்சுப்போட்டு எங்கீங்க போறது?" என்று சொல்லிவிட்டேன். அது சரோஜாவின் பதில். ஒருநாளும் நான் ஒத்துக்கொண்டதில்லை.

அவர் சிரித்தார். "உங்க ஊட்டுல எத்தன பேருங்க?"

"ரெண்டு பேருங்க" என்றேன். சரோஜா போய்ச்சேர்ந்து ஏழு மாதமாகிவிட்டது.

கவுண்டரில் இருந்த பெண் என் கார்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள். "ஏனுங்க சார், கடைசியா மார்ச்சுல வாங்கியிருக்கறீங்க. ரெண்டு பேருக்கு இன்னுமா தீரலீங்க?"

வரிசையே என்னைப் பார்த்தது. பதியாமலே கார்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச்சில் அந்த சிலிண்டரை மாட்டியது அவள்தான். நான் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொள்கிறேன். காப்பிக்கு மட்டும் பற்றவைக்கிறேன்.

இன்று அவள் கட்சியை நான் பேசிவிட்டேன். மறுத்துப் பேசத்தான் வீட்டில் ஆளில்லை.

படுக்கப் போகுமுன் சிலிண்டரை லேசாகத் தூக்கிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் கனம் இருக்கிறது.