அன்று எனக்கு வலிக்கவில்லை

டீச்சர்,

இன்று காலை பால் பாக்கெட்டை எடுக்கக் குனிந்தபோது இடது கண்ணுக்குப் பின்னால் அந்த வலி தொடங்கியது. வெளியே வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. மத்தியானத்துக்குள் மேகம் கூடிவிடும் என்று தெரிந்துவிட்டது. கை தானாகவே போனை எடுத்து உங்கள் எண்ணைத் தேடியது. நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. எண்ணை இன்னும் அழிக்கவில்லை.

இருபத்திரண்டு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். நீங்கள் கணக்கு, நான் தமிழ். ரிடையர் ஆன பிறகும் உங்களுக்கு நான் டீச்சர், எனக்கு நீங்கள் டீச்சர்.

நான் சேர்ந்த வருடம், ஐப்பசியில் ஒரு நாள், ஆசிரியர் அறையில் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக் கிடந்தேன். "மழைக்கு முன்னாடி தலை வலிக்குமாம். லீவு போட நல்ல காரணம்" என்று யாரோ சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது. நீங்கள் எழுந்து போய் டியூப்லைட்டை அணைத்தீர்கள். ஜன்னலைச் சாத்தினீர்கள். அருகில் வந்து, "உங்களுக்கு எந்தப் பக்கம்?" என்று மெதுவாகக் கேட்டீர்கள்.

"இடது."

"எனக்கு வலது. காலையிலேர்ந்து இருக்கு."

என் வீட்டில் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். முதல் தடவையாக ஒருவர் என்னை நம்பினார். அழுகை வந்ததை வலியின் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் நம் இருவருக்கும் சேர்ந்தே வலித்தது ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் நேராகத் தலைமையாசிரியையிடம் போய், "நாளைக்கு வேண்டாம் மேடம்" என்றீர்கள். அவர் சிரித்தார். மறுநாள் மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். சிறப்பு விருந்தினர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பந்தலுக்குள் நின்றார். அதன் பிறகு ஒவ்வொரு விழாவுக்கு முன்னாலும் தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் தலை எப்படி இருக்கு?" என்று கேட்காமல் விட்டதில்லை.

ரிடையர் ஆனதும் நீங்கள் சாந்தோமில் தங்கையோடு இருந்தீர்கள். நான் அபிராமபுரத்தில் தனியாக. வானம் மாறும் நாட்களில் போன் வரும். "வந்துடுச்சா?" "வந்துடுச்சு." "மாத்திரை போட்டீங்களா?" "போட்டாச்சு." "சரி, படுங்க." அவ்வளவுதான் பேச்சு. சில வாரங்களில் என் வீட்டுக்குள் கேட்ட மனிதக் குரல் அது ஒன்றுதான்.

பிறகு அந்தச் சாயங்காலம். வங்கக்கடலில் புயல் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நீங்கள் கூப்பிட்டீர்கள்.

"டீச்சர், இது வழக்கமா வர்ற மாதிரி இல்ல. பின்னந்தலையில அடிச்ச மாதிரி திடீர்னு வந்துது. கழுத்தைத் திருப்ப முடியல."

"புயல் வருதுல்ல, அதான். மழை பேஞ்சா விட்டுடும். மாத்திரை போட்டுட்டுப் படுங்க."

"உங்களுக்கு?"

"எனக்கு இன்னிக்கு ஒண்ணுமே இல்ல. தப்பிச்சேன்."

நீங்கள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு "அப்படியா" என்றீர்கள். கணக்கு டீச்சர் நீங்கள். எனக்கு வலிக்கவில்லை என்றால் இது வானிலை இல்லை என்று அந்த இடைவெளியில் கண்டுபிடித்திருப்பீர்கள் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. தலை லேசாக இருந்த சந்தோஷத்தில் இரண்டு தோசை சுட்டுச் சாப்பிட்டேன்.

புயல் ஆந்திரா பக்கம் போய்விட்டது. இங்கே ஒரு தூறல்கூட இல்லை. காலையில் உங்கள் தங்கை போன் செய்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தீர்கள். "முன்னாடியே தலைவலின்னு சொன்னாங்களா?" என்று டாக்டர் கேட்டார். "எப்பவும் சொல்லுவா சார், வானிலை மாறினா வரும்" என்றார் தங்கை. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

கல்லறையிலும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போய், நீங்கள் என்னிடம் சொன்னதையும் நான் பதில் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"எங்கிட்டதான் முதல்ல சொன்னா. தைலத்தை எடுத்துக் குடுத்துட்டு, டீச்சருக்கு போன் பண்ணிப் பாரு, அவங்களுக்கும் வந்திருக்கும்னு நான்தான் சொன்னேன்" என்றார்.

பிறகு எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். காபி ஆறி ஆடை படிந்தது. அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.

போன வாரம், தெருமுனையில் இஸ்திரி போடும் மல்லிகா, "ரெண்டு நாளா தல இடிச்சிக்கினே கீது டீச்சர். மழ வரப் போவுது போல" என்றாள். எங்கே வலிக்கிறது, எப்படித் தொடங்கியது, கழுத்தைத் திருப்ப முடிகிறதா என்று அடுக்கடுக்காகக் கேட்டேன். அவள் ஒரு மாதிரிப் பார்த்தாள். வண்டியை அவள் புருஷனிடம் விட்டுவிட்டு வரச் சொல்லி, ஆட்டோவில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணில்தான் குறை, கண்ணாடி போட்டால் போதும் என்றார் டாக்டர்.

திரும்பும்போது மல்லிகா சிரித்தாள். "இதுக்கா டீச்சர் இப்டி பயந்துட்ட?" என்று என் கையைப் பிடித்தாள். வீடு வரும்வரை விடவில்லை. உங்கள் அடக்கத்துக்குப் பிறகு யாரும் என் கையைப் பிடித்ததில்லை.

இதை எழுதும்போது மழை பிடித்துவிட்டது. வலி இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று அவசரமும் இல்லை. வலிக்கிற நாட்களை எப்படியோ தள்ளிவிடுகிறேன், டீச்சர். தலை தெளிவாக இருக்கும் நாட்களில்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.