ஷிமொடாவில் சொன்ன ஒரு ‘ஹை’

ஷிமொடா,
அன்செய் இரண்டாம் ஆண்டு, ஐந்தாம் மாதம்

அன்புள்ள அக்கா ஒதாகிக்கு,

நான் நலம். நீ அனுப்பிய உலர்ந்த கணவாய் வந்தது. பாதியை என் மேலதிகாரி செரிசாவா ஐயாவே தின்றுவிட்டார். பல்தான் போயிற்று, ஆசை போகவில்லை.

நேற்று கோயிலில் ஒப்பந்தப் பேச்சு. தங்கள் பெண்களும் கரையிறங்கி ஊருக்குள் குடியிருக்க வேண்டும் என்று வெள்ளைக்காரத் தூதர் நீட்டி முழக்கினார். அவர்கள் ஒல்லாந்து மொழியில் சொன்னதை நான் நம் மொழியில் சொல்லச் சொல்ல, ஐயா “ஹை, ஹை” என்று தலையாட்டினார். அம்மா புலம்பும்போது அரிசி களைந்துகொண்டே நீ சொல்வாயே, அதே ஹை. காதில் விழுகிறது, மேலே சொல் என்கிற ஹை. மேலிடத்தைக் கேட்டுத்தான் பதில் என்று நான் வாயைத் திறப்பதற்குள் தூதர் கையைக் காட்டினார்.

“இது எனக்கே தெரியுமய்யா! ஹைன்னா ஆமாதானே?”

அவருடைய எழுத்தர் ‘சம்மதம்’ என்று ஒரு வரி எழுதியும் விட்டார். நம்மோடு பழகிய நாகசாகி ஒல்லாந்தர்கள் யாரும் இப்படி ஏமாற மாட்டார்கள். அப்படியில்லை என்று நான் கத்தக் கத்த, எல்லோரும் விருந்துக்கு எழுந்துவிட்டார்கள். நாளை திருத்திவிடலாம்.

உன் தம்பி,
சுனெயோஷி


நாகசாகி,
ஆறாம் மாதம்

என் தம்பி சுனெயோஷிக்கு,

உன் கடிதத்தை என் மகன் உமெஜிரோ சத்தமாகப் படித்தான். வீடே சிரித்தது. அவன் உன் வாரிசாகத் துபாஷி வேலைக்கு வர ராப்பகலாக ஒல்லாந்துப் பாடம் படிக்கிறான். அவன் மனைவி முழுகாமல் இருக்கிறாள். நான் பாட்டியாகப் போகிறேன். இந்தத் தெருவில் எனக்கு முன்னால் யாரும் பாட்டியானதே இல்லை என்பது போல நடக்கிறேனாம். பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள். பொறாமை.

அந்த வரியைத் திருத்தியாயிற்றா? அதை எழுது முதலில்.

உன் அக்கா,
ஒதாகி


ஷிமொடா,
எட்டாம் மாதம்

அக்கா,

திருத்தவில்லை. தூதர் மூன்று பெண்களைக் கரையில் இறக்கிவிட்டு, அந்தத் தாளோடு கப்பலேறிவிட்டார். ஆம் என்று சொன்னது யார் என்று எதோ நகரத்து மேலிடத்திலிருந்து ஆள் வந்து கேட்டார். செரிசாவா ஐயா வெள்ளை உடை எடுத்துவைத்துவிட்டார். வயிற்றைக் கிழித்துக்கொள்ள.

வந்தவர் என்னைத் தனியே கூப்பிட்டார். “துபாஷி தப்பா சொல்லிட்டான்னா அந்த வரியே செல்லாது. கிழவரும் பிழைப்பார். என்ன சொல்றே?”

நான்தான் தப்பாகச் சொன்னேன் என்றேன். வெளியே வந்தபோது செரிசாவா ஐயா என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்குத் தீவுச் சிறை. திரும்பி வர முடியாது. தீர்ப்பு நாகசாகிக்கு வரும் முன் என்னைக் குடும்பத்திலிருந்து விலக்கும் தாளில் வீட்டு முத்திரையை வைத்துவிடு. இல்லாவிட்டால் உமெஜிரோவுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. அதற்குப் பிறகு நாம் ஒருவருக்கொருவர் எழுதக் கூடாது. தெரிந்துதான் கேட்கிறேன்.

சுனெயோஷி


நாகசாகி,
ஒன்பதாம் மாதம்

அடேய்,

உனக்குப் பைத்தியமா? கிழவர் தலையாட்டியதற்கு நீ தீவுக்குப் போவாயா? உண்மையைச் சொல். இப்போதே போய்ச் சொல்.

துபாஷி மூத்தவர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். “முத்திரை சின்னதுதானே, ஒதாகியம்மா” என்கிறார் ஒருவர். “சின்னதுதான். உங்க நெத்தியில வைக்கட்டுமா?” என்று கேட்டேன். உமெஜிரோவும், “மாமா பேரை அடிச்சிட்டு வர்ற வேலை எனக்கு வேண்டாம்மா” என்கிறான்.

வைக்க மாட்டேன். பாலூட்டாத குறையாக உன்னை வளர்த்தவள் நான்.

உன் அக்கா. என்றைக்கும்.
ஒதாகி


நாகசாகி,
பத்தாம் மாதம்

மேலே உன் பெயரை எழுதக் கூடாதாம். கீழே என் பெயரையும் எழுதக் கூடாதாம்.

முத்திரை வைத்துவிட்டேன். உமெஜிரோ வேண்டாம் வேண்டாம் என்றுதான் கடைசிவரை சொன்னான். அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அவளைப் பார்த்துத்தான் வைத்தேன். முதல் தடவை மை சரியாகப் பதியவில்லை. இரண்டாவது தடவையும் என்னையே வைக்கச் சொன்னார்கள்.

அந்தப் பெண்கள் இன்னும் ஷிமொடாவில்தான் இருக்கிறார்களாம். அவர்கள் நாட்டில் அந்த வரி செல்லுமாம். ஊரில் பேசிக்கொள்கிறார்கள். வரி அழியவில்லை, உன் பெயர்தான் அழிந்தது.

தீவில் காற்று பொல்லாதது என்கிறார்கள். கப்பலில் ஒரு பஞ்சு அங்கி வரும். யாரோ ஒரு கிழவி கொடுத்தாள் என்பார்கள். யார் என்று கேட்காதே. அவர்களுக்குச் சங்கடம். வாங்கிப் போட்டுக்கொள். அதன் இடது கையைக் கொஞ்சம் நீளமாகத் தைத்திருக்கிறேன், சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் கை நீளமல்லவா. சரியாக இருக்கும்.