பூட்டின வீட்டில் என்ன சோதனை

என் அருமை அண்ணிக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் மழை விட்டபாடில்லை. அண்ணன் நேரத்துக்குச் சாப்பிடுகிறார் என்று எழுதத்தான் ஆசை. பொய் எழுத வரவில்லை. என்னை "டீச்சரம்மா" என்று கேலியாகக் கூப்பிட இப்போது யாரும் இல்லை.

உங்கள் மகள் வசந்தியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவளுக்கு முப்பத்தைந்து ஆகிவிட்டது. கருப்பை வாயில் புற்றுநோய்க்கான அறிகுறி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கும் சோதனைக்கு, மிட்வைஃப் மிஸ் லயத்து வீட்டுக்கே வந்து அவளைக் கூப்பிட்டிருக்கிறார். உங்களையும் இதே வயதில் கூப்பிட்டார்கள். "மூணாவது புள்ளையோட ஒப்பரேசன் பண்ணிக் கட்டிப் போட்டாச்சே மிஸ். பூட்டின வீட்டுல என்னத்தத் தேடப் போறீங்க?" என்று நீங்கள் கேட்க, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். எத்தனை முறை சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள்!

தோட்டத்தில் பலர் இன்றும் அப்படித்தான் நம்புகிறார்கள். கட்டியது கருக்குழாயை மட்டும்தான், கருப்பை அப்படியேதான் இருக்கிறது, அதில் நோய் வரலாம் என்று யாரும் சொல்லவில்லை. உங்களையும் வசந்தியையும் ஒப்பரேசனுக்கு அத்தனை அக்கறையாகக் கூட்டிப் போனவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு நிமிடம் கிடைக்கவில்லையா?

போன மாதம் கிளினிக் நாளன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு ஹட்டனிலிருந்து தோட்டத்துக்குப் போனேன். வசந்தி வேலைக்குக் கிளம்பி நின்றாள்.

"கிளினிக்குன்னு நின்னா அரைப்பேருதான் போடுவாங்க அத்தை. பாதிச் சம்பளம்."

"நான் பேர் போடுற கண்டாக்குகிட்டப் பேசிட்டேன். முழுப்பேர் போடுறேன்னு சொல்லிட்டாரு. வா."

வந்தாள். கிளினிக் நடப்பது, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில். அதற்கு எதிரிலேயே கொழுந்து நிறுக்கிறார்கள். யார் உள்ளே போகிறாள், எவ்வளவு நேரம் இருக்கிறாள் என்று ஆணும் பெண்ணும் பார்த்துக்கொண்டு நிற்கும் இடம். அதைத்தான் இதற்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கொழுந்து நிறுக்கும் வரிசையில் நின்ற ஒருத்தி குரல் கொடுத்தாள்: "என்னடி வசந்தி, கட்டுனத அவுக்கப் போறியா? நாலாவதுக்கு ஆசையா?"

நிறுக்கிறவனும் சேர்ந்து சிரித்தான். படியில் கால் வைத்தவள் நின்றுவிட்டாள்.

"வேணாம் அத்தை."

"அவங்க கெடக்கட்டும். உள்ள வா."

"அவங்களுக்காக இல்ல. அம்மா சோதிக்காத வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? சோதிச்சாங்க. ஆறு மாசத்துல போயிருச்சு."

இரத்தப்போக்கை மறைத்து மறைத்து, கொழுந்து எடுக்கும் மலையில் மயங்கி விழுந்த பிறகுதான் உங்களைச் சோதித்தார்கள்; அதற்குள் புற்றுநோய் முற்றிவிட்டது. அதைச் சொன்னேன். நிதானமாகத்தான் சொன்னேன்.

"நீங்க படிச்சவங்க, சொல்லுவீங்க. கொழும்பு ஆஸ்பத்திரியில அம்மா கட்டிலுக்குக் கீழ படுத்துக் கெடந்தது நானு."

அவள் நினைப்பது தவறு, ஆனால் கண்ணால் கண்டதை வைத்துத்தான் நினைக்கிறாள். "நங்கி, அஞ்சு நிமிசந்தானே, வாங்கோ" என்று மிஸ், தங்கச்சியை நங்கி என்னும் தன் சிங்களத் தமிழில், வாசல் வரை வந்து கூப்பிட்டார். வசந்தி திரும்பிப் பார்க்காமல் வேலைக்கு மலையேறிவிட்டாள்.

இனிமேலாவது பெண்கள் பயந்து சோதித்துக்கொள்வார்கள் என்று உங்கள் சாவு வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் அன்றே நம்பவில்லை. ஆனால் உங்கள் சாவே உங்கள் மகளைத் தடுத்து நிறுத்தும் என்று நானும் நினைக்கவில்லை, அண்ணி. அவளுக்கு இப்போது ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதபோதே போக வேண்டிய சோதனை இது என்பதை எந்த வார்த்தையில் சொன்னால் அவளுக்கு உறைக்கும்? உங்களுக்குத் தெரியுமா?

அடுத்த கிளினிக்குக்கும் போவேன். அதற்கடுத்ததற்கும் போவேன். ஏசினாலும், கதவைச் சாத்தினாலும் அவள் வாசலில் நின்று கூப்பிடுவேன். அவள் வருவாள் என்று மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை.

உங்கள் மகளுக்கு அத்தையாக மிஞ்சியிருக்கும் நாத்தனார்,
சரோஜா