பல்கலைக்கழகத்துக்குப் போன தண்ணீர்

அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே, படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, கூட வரும் பாட்டிலை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள். எல்லோரும் நலம் என்று அம்மா சொல்லச் சொல்லப் போன வாரம் உனக்கு எழுதினேனே, அது பாதிதான் நிஜம். அப்பா நலம், அவருடைய மூட்டுவலியும் நலம். நம் கடைக்குட்டிக்குத்தான் வயிற்றுவலி போகவில்லை, முகம் வெளுத்துவிட்டது, வகுப்பிலேயே முதலில் எழுதப் படிக்கக் கற்றவள் இப்போது எழுத்தைக் காட்டிக் கேட்டால் என் வாயையே பார்க்கிறாள். அம்மா, "சேட்டை குறைஞ்சிருக்கு, பொறுப்பு வந்துடுச்சு" என்கிறாள்.

விஷயம் இதுதான். குழாய்த் தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க, விடிந்ததும் வரும் முதல் தண்ணீரைப் பிடித்து அனுப்பச் சொல்லி உங்கள் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வீடு பாட்டில் வந்ததல்லவா, உன்னைப் பெற்றவள் என்பதால் தெருவே அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டது. அம்மா நம் குழாயைத் திறந்தாள், கலங்கலாக வந்தது. "இதையா அனுப்புறது? பெரிய பெரிய ஆளுங்க பார்க்கிற இடம், நம்ம பொண்ணு மானம் என்னாகிறது?" என்று எல்லா பாட்டிலையும் சோப்புப் போட்டுக் கழுவி, அப்பா ஆபீஸ் கேன் தண்ணீரை ஊற்றி அனுப்பிவிட்டாள். மூடியைத் துடைத்துக் கொடுத்தது நான்.

நம் தெருவில் ஈயமே இல்லை என்று முடிவு வந்தது. அடுத்த தெருவில் இருந்ததாம், உங்கள் அறிக்கையைப் பார்த்து அங்கே பழைய ஈயக் குழாயைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுசு போட்டார்கள், சுருண்டு கிடந்த தையல்காரர் மகள் இப்போது ஓடி விளையாடுகிறாள். நம் தெருவில் தோண்ட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம், "பாத்தீங்களா, நம்ம தண்ணி பாஸ்" என்றாள். அத்தை, "உங்க பொண்ணு அங்க இருக்கான்னு மார்க் போட்டிருப்பாங்க" என்றாள்.

பாட்டிலோடு வந்த தாளை நேற்றுதான் முழுக்கப் படித்தேன். வயிற்றுவலி, வெளுப்பு, படித்தது தங்காமல் போவது, எல்லாம் அதில் இருக்கிறது. காய்ச்சினாலும் ஈயம் போகாதாம். அப்பாவிடம் சொன்னேன். "வெளிய தெரிஞ்சா உங்க அக்கா படிப்பு போயிடும், வாயை மூடு" என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. ஆனால் படிப்பு போனால் மறுபடி சேர்ந்துகொள்ளலாம்.

பாட்டிலில் இருப்பது இன்று விடிந்ததும் நானே பிடித்த முதல் தண்ணீர், கலங்கலோடு அப்படியே மூடினேன். தெருவுக்கு மறுபடி பாட்டில் அனுப்பச் சொல், அம்மா கைக்கு வராமல் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு தூங்காதே. உன்னை ஆசீர்வாதம் செய்ய எனக்கு வயது போதாது, அம்மாவுடையதையே வைத்துக்கொள், அவள் உனக்காகத்தான் கழுவினாள்.

இப்படிக்கு உன்

கதவைத் தட்டுகிறார்கள். குட்டிதான். தாகமாம், குழாய் எட்டவில்லையாம், நான் வந்து