கருமலை வேளுக்கு விடை மறுத்தது

மழையும் முறையும் தவறாது நிலைபெறுக. கொன்றைமாநகர் வீற்றிருந்து நாடாளும் பேரரசர் செழுங்கோவரின் திருவாணைப்படி, அமைச்சர் இளஞ்சேந்தன் கருமலை நாட்டு அவையத்தார்க்கு எழுதுவித்த ஓலை. உங்கள் குடியும் குன்றும் நலம் பெறுக. உங்கள் குறுநிலத் தலைவராகிய வேள் ஆதன் ஏறனார் அருகிருந்து கேட்க, இதனை உரக்கப் படிப்பீராக.

இடி விழுந்து உங்கள் காவற்காடாகிய வேங்கைமரக்காடு எரிந்தபின், காவற்காட்டை இழந்த வேள் நாடு நீங்க வேண்டும் என்னும் குலவழக்கை நினைந்து அவர் உறக்கம் துறந்தார். முருகன் உறையும் காடாதலின், கோயில் முற்றம்போல் அதனைத் தூய்மை செய்யத் துணிந்தார். ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும் அவர் துடைப்பம் ஏந்தி முன்செல்ல, நீங்களும் பின்சென்று, புல்லென்றும் முள்ளென்றும் பாராது முளைத்ததையெல்லாம் வேரோடு பறித்தீர்கள். பறித்த இடத்தில் வேங்கைக்கன்று நட்டுக் குடங்குடமாய் நீர் வார்த்தும், அவை வெயில் தாங்காது கருகின. மனம் நொந்த வேள் தம் வீரக்கழலைக் கழற்றி அரண்மனைக்கு அனுப்பி, நாடு நீங்க விடை வேண்டினார்.

பேரரசர் விடை தராமல் அமைச்சரை அனுப்பினார். எவரும் பறிக்கச் செல்லாத பாறைச்சரிவு ஒன்றை அமைச்சர் அங்கே கண்டார். புல் படர்ந்து மண்ணைப் பிடித்திருக்க, புல்லிடையே முட்புதர் எழுந்திருக்க, அப்புதரின் நிழலில் இடுப்பளவு வேங்கைக்கன்றுகள் எவரும் நீர் வாராமலே தழைத்து நின்றன. மகிழ்ச்சி தாளாமல் ஏறனாரை அழைத்துக் காட்டினார். வேளோ அம்முள்ளின் முன் அமர்ந்து வாய்விட்டு அழுதார். காட்டை எரித்தது வானமாயினும், திரும்பி வந்த காட்டை ஆண்டுதோறும் கொன்றது தம் கையே என்றும், இனி ஒருநாளும் இந்நாட்டில் இருக்கத் தாம் தகாதவர் என்றும் கதறினார்.

இதைக் கேட்ட பேரரசர் கண் கலங்கினார். அன்பு மிகுந்து செய்த பிழைக்கு நாடு நீக்கும் வழக்கம் தம் அரசில் இல்லை என்றார். பின்னர்ச் சற்றே நகைத்து, தண்டனை வேண்டுமென்று வேள் அடம்பிடித்தால் அவரைச் சும்மா இருக்கச் சொல்லுமாறும், அவருக்கு அதைவிடக் கடியது வேறில்லை என்றும் அருளினார்.

ஆதலின் ஆணை இது. மலையில் இனி எவரும் ஒரு புல்லையும் பறியாதீர். முள் வந்தால் வரட்டும், வேங்கை தன் முறைக்குக் காத்திருக்கும். வருவது பழைய காடு போலவே இராது, அது பூப்பதை நம்மில் பலர் காணப்போவதும் இல்லை. அதற்காக ஒரு நல்ல தலைவரை இழக்கப் பேரரசர் ஒப்பார். இவ்வோலையோடு வரும் கழலை அவையத்தாரே வேளின் காலில் அணிவிக்க. மறுப்பாராயின், பிடித்து வைத்து அணிவிக்க.

அரச இலச்சினை இட்டது. மறுமொழி வேண்டா.